கொப்பரை உலர்த்தியில் தானே நிற்கும் விசிறி

(வேளாண் ஒலிபரப்பில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

ஆடி மாதம் பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நம் உடுமலைப்பேட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை ஆட்டி எடுக்கும். காற்று மட்டும் வந்தால் பரவாயில்லை, கூடவே சாரலும் வரும். களத்தில் காயப்போட்ட தேங்காய் பருப்பை அள்ளுவதா, தார்ப்பாய் போட்டு மூடுவதா என்று வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஓடுவோம். மூடினால் வேர்க்கும், திறந்தால் நனையும். அது முடிந்து ஐப்பசி, கார்த்திகை வந்தால் அடைமழை. ஆக, வருஷத்தில் நாலைந்து மாதம் வெயிலை நம்பிக் கொப்பரை போட முடியாத ஊர் நம்முடையது.

உடைத்த தேங்காயின் பருப்பில் ஏறத்தாழ பாதிக்குப் பாதி தண்ணீர்தான். அதை 6 சதவீதத்துக்குக் கொண்டு வந்தால்தான் அது கொப்பரை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஈரம் பார்க்கிறபோது கேட்கிற கணக்கும் இந்த 6தான். நல்ல வெயிலில் இதற்கு ஒரு வாரம் வேண்டும். நடுவில் இரண்டு நாள் மேகம் போட்டால் பருப்பு பிசுபிசுக்கும், பூஞ்சாணம் பிடிக்கும், பச்சையும் கறுப்புமாகப் புள்ளி விழும். அப்புறம் வியாபாரி சொன்னதுதான் விலை.

இதற்குப் பயந்து சிலபேர் மட்டையைப் போட்டுப் புகை மூட்டிக் காய வைக்கிறார்கள். பருப்பு காயும், ஆனால் கறுக்கும். புகைவாடை எண்ணெய் வரைக்கும் போகும். அதோடு, புகையில் உள்ள கெடுதலான பொருள்கள், புற்றுநோய் உண்டாக்கக்கூடியவையும் சேர்த்து, பருப்பில் படிந்து எண்ணெயில் இறங்குகின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். கந்தகப் புகை போடுகிற பழக்கமும் நம் பக்கம் உண்டு. சாப்பிடுகிற பொருளுக்கு அது வேண்டாமுங்க. அதைப்பற்றி இன்றைக்கு விரித்துப் பேச நேரமில்லை.

புகை படாமல், சூடான காற்றில் மட்டும் காய வைப்பதுதான் சரியான வழி. இலங்கையில் வெகு காலமாகவே தேங்காய்த் தொட்டியை வரிசையாக அடுக்கி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தீ மெல்லப் பற்றும்படி செய்து, புகையில்லாத வெள்ளைக் கொப்பரை எடுத்தார்கள். கேரளத்தில் காசரகோட்டில் உள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையமும் இதே போலத் தொட்டி எரிக்கும் உலர்த்திகளை அமைத்துக் கொடுத்தது. தொட்டியை ஒருமுறை அடுக்கிப் பற்ற வைத்தால் பல மணி நேரம் ஆள் தேவையில்லாமல் எரியும். சிறு குடியானவர்களுக்கு அதுவே போதும்.

கொஞ்சம் பெரிய அளவில் செய்கிறவர்கள் இரும்பு அடுப்பும் புகைபோக்கியும் வைத்த உலர்த்தி கட்டுகிறார்கள். அடுப்பில் தீ எரியும், புகை குழாய் வழியாக வெளியே போய்விடும். அடுப்பின் இரும்பைச் சுற்றி வரும் சுத்தமான காற்று சூடேறி, மேலே தட்டில் உள்ள பருப்பின் ஊடே போகும். அடுப்புக்குள் காற்று ஊதச் சின்னதாக ஒரு ஊதுவிசிறி. கொல்லுப்பட்டறையில் துருத்திக்குப் பதிலாக வைத்திருக்கிறார்களே, அந்த மாதிரி. விசிறி ஊதினால் தீ வளரும், நிறுத்தினால் தணியும்.

இந்தக் காற்றின் சூடு 60 முதல் 65 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 70ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் என்ன ஆகும்? பருப்பின் மேல்தோல் சட்டென்று இறுகிப் போகும், உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழியிருக்காது. மேலே பார்த்தால் காய்ந்த மாதிரி தெரியும். மூட்டை போட்டுப் பத்து நாள் கழித்துப் பிரித்தால் உள்ளே பூத்திருக்கும். இன்னும் ஏறினால் பருப்பு பழுத்துச் சிவந்து, எண்ணெய் கசிந்து சொட்டும். சொட்டுவது எங்கே? கீழே காய்ந்த இரும்பின் மேல்.

ராத்திரி முழுக்க ஒருத்தர் உட்கார்ந்து விசிறியைப் போட்டும் நிறுத்தியும் கொண்டிருக்க முடியுமா? இதற்குத்தான் டெம்பரேச்சர் கண்ட்ரோலர் என்ற சின்னப் பெட்டி இருக்கிறது. சூட்டை அறிய ஒரு உணர்கம்பி, அதாவது சென்சார். சொன்ன சூடு வந்ததும் விசிறியை நிறுத்தும், குறைந்ததும் ஓட்டும். சாமான் ஒன்றும் பெரிய விலையில்லை. ஆனால் இணைப்புத் தப்பினால், பெட்டி இல்லாமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும். எனக்கு ஆனதைச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் உலர்த்தி கட்டி முடித்ததும் ஒயரிங்குக்கு ஒரு தம்பியை அழைத்தேன். நல்ல வேலைக்காரர். "ஏனுங்ணா, கோழிப்பண்ணையில எத்தனை விசிறிக்கு இந்தப் பெட்டி மாட்டியிருக்கேன், இது எம்மாத்திரமுங்க" என்றார். உண்மைதான். உடுமலைப்பேட்டையைச் சுற்றிக் கறிக்கோழிப் பண்ணையும் பட்டுப்புழு வளர்ப்பு மனையும் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அங்கேயெல்லாம் இந்தப் பெட்டியைப் பார்த்துப் பழகிய கை.

அன்றைக்குச் சாயங்காலம் 2,000 காய்ப் பருப்பைத் தட்டில் பரப்பித் தீ மூட்டினோம். அடுப்பு கிளம்பும் வரை நானே கம்பால் கிளறி, கதவைத் திறந்து விட்டேன். சூடு 65 வந்தது. விசிறி ஓட ஆரம்பித்தது. "வேலை செய்யுதுங்க" என்று சந்தோஷப்பட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். நடு ராத்திரிக்கு மேல் என் சம்சாரம் எழுப்பினார், "ஏங்க, எண்ணெய் கருகுற வாடை வருதுங்களே" என்று. ஓடிப் போய்ப் பார்த்தால் பெட்டியில் 104 என்று எரிகிறது. விசிறி விடாமல் ஊதிக்கொண்டே இருக்கிறது. கீழ்த்தட்டில் பருப்பு கருகி எண்ணெய் சொட்டுகிறது. மெயினை அணைத்து, அடுப்புக் கதவை அடைத்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடி, ஒரு மணி நேரம் போராடினோம். கொட்டகை தப்பியது. பருப்பில் கீழ்த்தட்டு முழுக்கப் போயிற்று, மேல்தட்டுக்கும் பாதி விலைதான் வந்தது.

தப்பு எங்கே? கோழிக் கொட்டகையில் சூடு ஏறினால் விசிறி ஓட வேண்டும், குறைந்தால் நிற்க வேண்டும். அங்கே விசிறி குளிர வைக்கிறது. நம் அடுப்பிலோ விசிறிதான் சூட்டை உண்டாக்குகிறது. சூடு குறைந்தால் ஓட வேண்டும், ஏறினால் நிற்க வேண்டும். இரண்டும் நேர் எதிர். பெட்டிக்குள் இதற்கு 'ஹீட்', 'கூல்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. தம்பி பழக்கத்தில் 'கூல்' என்று வைத்துவிட்டார். சூடு ஏற ஏற விசிறி ஊதியது, ஊத ஊத சூடு ஏறியது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேனுங்க. 65 வந்த பிறகுதானே விசிறி ஓட ஆரம்பித்தது, அது ஏன் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

இனி இணைப்புக்கு வருவோம். மின்சாரத்தில் பழக்கமில்லாதவர்கள் தாங்களே கை வைக்க வேண்டாம், லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கொண்டே செய்யுங்கள். ஆனால் அவர் செய்வது இன்னது என்று நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள்.

மெயினிலிருந்து வரும் பேஸ், நியூட்ரல் இரண்டும் முதலில் கசிவு மின்சாரத்தைக் கண்டு அறுக்கும் ஆர்.சி.சி.பி. வழியாக வரட்டும். 30 மில்லி ஆம்பியர் உள்ளதாகப் பார்த்து வாங்கவும். அடுத்து ஒரு எம்.சி.பி. அதன் பிறகு கண்ட்ரோலர் பெட்டி. பெட்டியின் பின்பக்கத்தில் மூன்று கூட்டம் திருகுகள் இருக்கும். ஒன்று பெட்டிக்கே மின்சாரம் வருகிற இடம். இரண்டாவது சென்சார் சேருகிற இடம். மூன்றாவது வெளியே கட்டளை போகிற இடம், அதில் 'சி', 'என்.ஓ.', 'என்.சி.' என்று மூன்று திருகு. சி என்பது பொது. என்.ஓ. என்பது சும்மா இருக்கும்போது திறந்திருப்பது. என்.சி. சும்மா இருக்கும்போதே சேர்ந்திருப்பது. நமக்கு வேண்டியது சியும் என்.ஓ.வும் மட்டும். என்.சி.யைத் தொடவே வேண்டாம். ஏனென்றால் பெட்டி பழுதாகி உயிர் இல்லாமல் கிடந்தால் என்.ஓ. திறந்தே இருக்கும், விசிறி நிற்கும். என்.சி.யில் மாட்டியிருந்தால் பெட்டி செத்தாலும் விசிறி ஓடும்.

விசிறியை நேராக இந்தத் திருகில் மாட்டலாமா? கூடாதுங்க. பெட்டிக்குள் இருக்கும் ரிலே சின்னது. மோட்டார் கிளம்புகிற நேரத்தில், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து ஆறு மடங்கு மின்சாரம் இழுக்கும். கால் எச்.பி. மோட்டாராக இருந்தாலும் அப்படித்தான். நாலு வாரம் நன்றாக வேலை செய்யும், ஒருநாள் ரிலேயின் முனைகள் பொறிபட்டு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் பெட்டி 'நில்' என்று சொன்னாலும் விசிறி நிற்காது. அதனால் நடுவில் ஒரு காண்டாக்டர் வேண்டும், நம் பம்புசெட்டு ஸ்டார்ட்டருக்குள் இருக்கிறதே, அதுவே. 230 வோல்ட் காயில் உள்ள சிறியது போதும்.

பேஸ் ஒயர் பெட்டியின் சிக்குப் போகிறது. என்.ஓ.விலிருந்து புறப்பட்டுக் காண்டாக்டர் காயிலின் ஒரு முனைக்கு வருகிறது. காயிலின் மறுமுனை நியூட்ரலுக்கு. இது கட்டளை வழி. மோட்டாருக்கு ஓடுகிற பேஸ் தனியாக எம்.சி.பி.யிலிருந்து காண்டாக்டரின் பெரிய முனை வழியாகப் போகிறது. நியூட்ரலையும் காண்டாக்டரின் இன்னொரு முனை வழியாகவே கொண்டு போனால் இன்னும் நல்லது. எர்த் ஒயரை மோட்டார் உடம்புக்கும், உலர்த்தியின் இரும்புச் சட்டத்துக்கும், தகரப் பெட்டிக்கும் கட்டாயம் கட்டவும். ஈரப் பருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பெண்கள் அந்த இரும்பைத் தொட்டுத்தான் வேலை செய்கிறார்கள்.

கட்டளை வழியில் என்.ஓ.வுக்கும் காயிலுக்கும் நடுவில் இன்னொரு சாமானை வைக்கச் சொல்வேன். தண்ணீர் காய்ச்சும் கீசரில் இருக்கிற தெர்மோஸ்டாட். மெல்லிய செம்புக் குழாயும் முனையில் ஒரு குமிழும் இருக்கும். குமிழைச் சூடான காற்றில் நுழைத்து, 75 டிகிரியில் அறுக்கும்படி திருகி வையுங்கள். பெட்டி என்ன சொன்னாலும் 75 வந்ததும் இது வழியை அறுத்துவிடும். இதற்கு மின்சாரமும் வேண்டாம், புத்தியும் வேண்டாம். எனக்கு அன்றைக்கு இது இருந்திருந்தால் தூக்கம் கெட்டிருக்காது.

சென்சாருக்கு வருவோம். கடையில் அதிகம் கிடைப்பது தெர்மோகப்பிள் என்ற வகை. அதிலும் 'கே' என்றும் 'ஜே' என்றும் ஜாதி இருக்கிறது. எது வாங்கினீர்களோ அதையே பெட்டியிலும் சொல்லி வைக்க வேண்டும். கே கம்பியை மாட்டிவிட்டுப் பெட்டியில் ஜே என்று விட்டால், 65 டிகிரி இருக்கும்போது ஆறேழு டிகிரி குறைத்துக் காட்டும். நீங்கள் 65 என்று நினைத்துக் கொண்டிருப்பீர்கள், பருப்பு 70க்கு மேல் வெந்து கொண்டிருக்கும். தெர்மோகப்பிளின் இரண்டு ஒயரில் ஒன்று கூட்டல், ஒன்று கழித்தல். நிறத்தை நம்ப வேண்டாம், ஒவ்வொரு நாட்டு முறையில் ஒவ்வொரு நிறம். மாற்றி மாட்டினால் சூடு ஏற ஏற எண் இறங்கும், விசிறி நிற்கவே நிற்காது. ஒயர் போதவில்லை என்று சாதாரணச் செம்பு ஒயரை ஒட்டுப் போடவும் கூடாது. அதற்கென்று உள்ள ஒயரையே கேட்டு வாங்குங்கள். அதை மெயின் ஒயரோடு சேர்த்து ஒரே குழாயில் இழுக்க வேண்டாம், எண் குதிக்கும்.

கம்பியை எங்கே நுழைப்பது? அடுப்பை ஒட்டி வைத்தால் இரும்பின் அனலைக் காட்டும். பருப்புக் குவியலுக்குள் வைத்தால் ஈரம் இருக்கிற வரைக்கும் குறைத்தே காட்டும். கீழ்த்தட்டுக்கு ஒரு சாண் கீழே, சுவரை விட்டு விலகி, காற்று ஏறி வருகிற நடுவழியில் இருக்கட்டும். எலி கடிக்காமல் இரும்புக் குழாய்க்குள் ஒயரை விடுங்கள். நம் ஊர் எலிக்குத் தேங்காய் வாடை இருக்கிற இடத்தில் எல்லாமே தீனிதான்.

தீ மூட்டுவதற்கு முன்னே சோதனை. இதற்கு ஒரு செம்பு வெந்நீர் போதும். பெட்டியில் 50 என்று வையுங்கள். கம்பி வெளியே சும்மா இருக்கும்போது விசிறி ஓட வேண்டும். கம்பியை வெந்நீரில் முக்குங்கள், எண் ஏற வேண்டும். 50 தாண்டியதும் விசிறி நிற்க வேண்டும். எண் இறங்கினால் ஒயர் மாறியிருக்கிறது. எண் ஏறி, விசிறி அப்போதுதான் ஓட ஆரம்பித்தால் 'கூல்' என்று இருக்கிறது, 'ஹீட்' என்று மாற்றுங்கள். அடுத்து, மெயினை அணைத்துவிட்டு சென்சாரின் ஒரு ஒயரைக் கழற்றி, மறுபடி மெயினைப் போடுங்கள். விசிறி ஓடக் கூடாது. ஓடினால் அந்தப் பெட்டி நமக்கு ஆகாது, கொண்டு போய் மாற்றுங்கள். மலிவான சில பெட்டிகள் ஒயர் அறுந்ததைக் குளிர் என்று எண்ணிக்கொண்டு விசிறியை ஓட்டும். கடைசியாகத் தெர்மோஸ்டாட்டின் குமிழைக் கொதிக்கிற நீரில் முக்கிப் பாருங்கள், காண்டாக்டர் 'டக்'கென்று விட வேண்டும். ஒவ்வொரு பருவமும் முதல் தீ மூட்டும் முன் இதைச் செய்ய அரைமணி நேரம் ஆகாது.

இன்னும் ஒன்று. கடைக்காரர் 'எஸ்.எஸ்.ஆர்.' என்று ஒன்றைக் கொடுப்பார், சத்தம் வராது, தேயாது என்பார். அது நல்ல சாமான்தான். ஆனால் பழுதானால் பெரும்பாலும் சேர்ந்தபடியே பழுதாகும். தீ சம்பந்தப்பட்ட இடத்தில் எனக்கு அது பிடிக்கவில்லை. அதேபோல் புதுப் பெட்டிகள் 'பி.ஐ.டி.' என்ற கணக்கில் இரண்டு விநாடிக்கொரு முறை போட்டு நிறுத்தப் பார்க்கும். காண்டாக்டர் சீக்கிரமே தேய்ந்துவிடும். சாதாரண 'ஆன் ஆஃப்' என்று வைத்து, இரண்டு டிகிரி இடைவெளி கொடுங்கள். 63ல் ஓடி 65ல் நிற்கும்.

நிறுத்திய பிறகும் தீ உடனே தணியாது, இன்னும் இரண்டு மூன்று டிகிரி ஏறித்தான் இறங்கும். ஆகவே முதல் நாள் 62 என்று வைத்து, எதுவரைக்கும் ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டு திருத்துங்கள். விசிறி நின்ற பிறகும் சூடு ஏறிக்கொண்டே போனால் மின்சாரத்தில் குறையில்லை, அடுப்பில் ஓட்டை. புகைபோக்கி தன் போக்கில் காற்றை இழுக்கும். நின்ற விசிறியின் வழியாகவே இழுக்கும். இதற்கு விசிறியின் வாயில் கீல் வைத்த தகரத் தட்டு ஒன்று தொங்கவிட வேண்டும். விசிறி ஊதினால் தட்டு தூக்கும், நின்றால் தானே விழுந்து அடைக்கும். சாம்பல் கதவு இறுக்கமாகச் சாத்த வேண்டும். இடுக்குகளைக் களிமண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசுங்கள். இதைச் செய்யாமல் எவ்வளவு விலை கொடுத்து பெட்டி வாங்கினாலும் வீண்.

கரண்ட் போனால்? ஊதுவிசிறி நின்று தீ தானே தணியும், கவலையில்லை. ஆனால் சிலர் சூடான காற்றைத் தட்டுகளுக்குத் தள்ள இன்னொரு பெரிய விசிறியும் வைத்திருப்பார்கள். அது வேறு விசிறி. அதை இந்தப் பெட்டியோடு சேர்க்காதீர்கள், அது எப்போதும் ஓட வேண்டும். கரண்ட் போய் அது நின்றால் அடுப்பின் சூடு கீழேயே தேங்கும். உடனே பக்கக் கதவைத் திறந்து சூட்டை வெளியே விட வேண்டும். எனவே அது உள்ள உலர்த்தியில் ராத்திரி ஒரு ஆள் பக்கத்தில் படுக்கத்தான் வேண்டும். வோல்டேஜ் குறைந்த நேரத்தில் காண்டாக்டர் கடகடவென்று அடித்துக்கொள்ளும். அப்படியே விட்டால் காயில் எரியும். அணைத்துவிட்டு வோல்டேஜ் வந்த பிறகு போடுங்கள்.

பம்புசெட்டுக்கு வந்திருக்கும் இலவச மின் இணைப்பிலிருந்து ஒயர் இழுக்க வேண்டாம். அது பாசனத்துக்கென்று கொடுத்தது. கண்டுபிடித்தால் அபராதம் வரும். மின்வாரிய அலுவலகத்தில் உலர்த்திக்கு எந்த இணைப்பு என்று எழுதிக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.

உலர்த்தி கட்டும் அளவு, தட்டு அமைப்பு இவைபற்றி அறிய விரும்புவோர், திருமூர்த்தி நகரில் உள்ள தென்னை வளர்ச்சி வாரியத்தின் பண்ணையிலோ, ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலோ நேரில் கேட்கலாம். போகும்போது எத்தனை காய் போடுவீர்கள், எரிக்கத் தொட்டியா மட்டையா என்று கணக்குக் குறித்து எடுத்துப் போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.